தலைவலி என்று போனால் மனசைப் பற்றிக் கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். ஏன்?

நிழல்தேடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவள் நான். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 39. மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி, 16 வயதிலிருந்து. அப்போதெல்லாம் மாதம் ஒன்றிரண்டு முறை வரும், வாந்தி எடுத்துத் தூங்கி எழுந்தால் விட்டுவிடும். கடந்த மூன்று வருடத்தில் மெல்ல மெல்ல ஏறி இப்போது மாதத்தில் 18 நாள் தலைவலி. அதில் பத்துப் பன்னிரண்டு நாள் அசல் மைக்ரேன்: இடது கண்ணுக்குப் பின்னால் தெறிக்கும், வெளிச்சம் ஆகாது, குமட்டும். மீதி நாள்களில் ஈரத்துணியைத் தலையில் போட்டுவைத்த மாதிரி ஒரு கனம்.

போன வாரம் புதிதாக ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். மாதம் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேன் குணத்தோடு, அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட மைக்ரேன் என்று பெயர் என்றார். சரி, பெயராவது கிடைத்ததே என்று நினைத்தேன்.

அப்புறம் நான்கு தாள்களைக் கொடுத்து வெளியே உட்கார்ந்து நிரப்பச் சொன்னார்கள். முதல் தாள் மிடாஸ். தலைவலியால் கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, எத்தனை நாள் போயும் பாதி வேலைகூட ஓடவில்லை, வீட்டு வேலை எத்தனை நாள் செய்யவில்லை, செய்தும் பாதிதான் என்று எத்தனை நாள், குடும்பம், நண்பர்கள், பொழுதுபோக்கு என்று எத்தனை நாள் போனது. எனக்கு 11, 22, 16, 19, 14. கூட்டினால் 82. 21ஐத் தொட்டாலே கடைசிப் படியாம், கடுமையான முடக்கம். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். எண்களைக் கூட்டுவதுதான் பிழைப்பு. அந்த 82ஐ மட்டும் மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

இரண்டாவது தாள் மனச்சோர்வு, மூன்றாவது கவலை. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா, கவலையை நிறுத்த முடியவில்லையா என்கிற ரகம். நான்காவதுதான் என்னைக் கிளறிவிட்டது. வலி வரும்போது இது தீரவே தீராது என்று தோன்றுகிறதா, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா என்ற தோரணையில் 13 வரிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. எனக்கு 52க்கு 41. பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு மார்க் வாங்கியதில்லை.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இரவில் போட அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். "ஒரு உளவியலாளரையும் பார்த்துவிடுங்களேன்" என்றார். வீட்டுக்கு வந்து அந்த மாத்திரையின் பெயரைத் தேடினால் மனச்சோர்வுக்கான மருந்து என்று வருகிறது. உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருடமாக மாமியார், மேலாளர், கூடப் பிறந்த அண்ணன் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நீ ரொம்ப யோசிக்கிறே, அதனாலதான்." இப்போது மருத்துவரும் அதையே படித்த வார்த்தையில் சொல்கிறாரா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு எட்டு வயது. நான் அறையை இருட்டாக்கிப் படுத்திருக்கும்போது உள்ளே வந்து பார்ப்பாள். கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்து, 'க்ளிக்' சத்தம் வராமல், தலைமுடியளவு தலைமுடியளவாகத் திருப்புவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே கற்றுக்கொண்டாள். நான் கண்ணை மூடியே இருப்பேன். ஆனால் அந்தப் பிடி எவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது என்பது எனக்குத் தெரியும்.

கேள்வி இதுதான். மனசுதான் காரணம் என்கிறார்களா? உளவியலாளரிடம் போய் உண்மையிலேயே வித்தியாசம் கண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? "நேர்மறையாக யோசியுங்கள்" என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.

---

பாதிநிலா எழுதியது:

நிழல்தேடி, அந்தக் கதவுப் பிடியைத் தாண்டி வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

எனக்கு 46. நாள்பட்டதாக மாறி ஏழு வருடம். உங்களை மாதிரியே தாள்களை வாங்கிக்கொண்டு வந்து, கைப்பைக்குள் கசக்கிப் போட்டு, நான்கு மாதம் அந்த மருத்துவர் பக்கமே போகாமல் இருந்தவள். கோபம்தான்.

மனசால் வந்தது என்பது ஒன்று, மனசையும் பிடித்துக்கொண்டது என்பது வேறொன்று. மைக்ரேன் மூளையின் நோய். முகத்துக்கும் மூளை உறைக்கும் போகிற முப்பெருநரம்பு கிளர்ந்து சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தை அவிழ்த்துவிடுகிறது. அந்தப் புரதத்தை மைக்ரேன் உள்ளவர்களுக்கு ஊசியில் ஏற்றினால் பலருக்கு வலி கிளம்பிவிடும். அதைத் தடுக்கிற ஊசிகள் 2018இலிருந்து புழக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் யோசித்து யோசித்து அந்தப் புரதத்தைச் சுரக்க வைக்கவில்லை. உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லலாம், கேட்பாரா என்பது அவர் பாடு.

ஆனால் வலியை அளக்கிற அதே மூளைதான் பயத்தையும் தூக்கத்தையும் பார்த்துக்கொள்கிறது. மைக்ரேன் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மைக்ரேன் வரும் வாய்ப்பும் கூடுதல். இரண்டு பக்கமும் திறக்கிற கதவு அது. மைக்ரேன் எப்போதாவது வருகிறவர்களில் வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் நாள்பட்டதாக மாறுகிறார்கள். அப்படித் தள்ளிவிடுகிறவற்றில் மனச்சோர்வும் ஒன்று, கணக்கில்லாமல் வலி மாத்திரை போடுவதும் ஒன்று, தூக்கம் கெடுவதும் ஒன்று.

என் கணக்கைச் சொல்கிறேன், நீங்களும் கணக்குக்காரர்தானே. முதல் மிடாஸ் எடுத்தபோது மூன்று மாதத்தில் 57 நாள் வலி, மதிப்பெண் 76. எங்கள் மருத்துவர் அந்த 76ஐ வட்டம் போட்டு, "இதில் வலி தின்றது எவ்வளவு, வலியைப் பற்றிய பயம் தின்றது எவ்வளவு?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வீட்டுக்கு வந்து நாள்காட்டியைப் பிரித்தால், தலை வலிக்காத நாள்களிலும் என்னென்னவோ விட்டிருக்கிறேன். மகனின் பள்ளி ஆண்டுவிழா: அன்று வலியே இல்லை, மேடை விளக்கு கண்ணைக் குத்துமே என்று போகவில்லை. தோழி வீட்டுக்குப் போகாதது, அவள் வாசனைத் திரவியம் போடுவாள் என்பதால். ஜன்னல் திரைகளை நிரந்தரமாக மூடிவைத்தது. மூன்று மாதத்துக்கு முன்பே பயணச்சீட்டு எடுப்பதை நிறுத்தியது, "அன்றைக்கு வந்துவிட்டால்?" என்று. வலி 57 நாள்தான் வந்தது, நான் 90 நாளும் அதற்காகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன்.

அப்புறம் மாத்திரை. இது முக்கியம். ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராக ஒரு எழுத்துப் போடச் சொன்னார்: வலிக்காகப் போட்டது என்றால் 'வ', வந்துவிடுமோ என்ற பயத்துக்காகப் போட்டது என்றால் 'ப'. சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். அந்த மாதம் 17 நாளில் 23 மாத்திரை. அதில் 9க்கு நேராக 'ப'. ஒரு கூட்டத்துக்கு முன், ஒரு பேருந்துப் பயணத்துக்கு முன், ஒன்றுமே இல்லாத ஒரு ஞாயிறு காலையில் கழுத்து லேசாக இறுகியது என்பதற்காக. சாதாரண வலி மாத்திரை என்றால் மாதம் 15 நாள், டிரிப்டான் (மைக்ரேன் வந்ததும் போடுகிற தனி மாத்திரை) அல்லது பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரை என்றால் 10 நாள், இந்த அளவை எட்டி மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியைக் கட்டிக்காக்க ஆரம்பித்துவிடும். நான் அந்தக் குழியில்தான் கிடந்தேன். என்னைக் குழிக்குள் தள்ளியது வலியைவிட அந்த 'ப'தான். (தயவுசெய்து நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். எனக்கு மருத்துவர் சொல்படி நிறுத்தியே இரண்டு வாரம் நரகம். கோடீன் மாதிரி அபின் வகை மருந்து ஏதாவது கலந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.)

உளவியலாளரிடம் என்ன நடக்கும் என்றுதானே பயம்? சின்ன வயதில் என்ன நடந்தது என்று தோண்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர் கேட்டது: "வலி ஆரம்பித்த முதல் பத்து நிமிடம் என்ன செய்கிறீர்கள்? நிமிடம் நிமிடமாகச் சொல்லுங்கள்." நான் சொல்லச் சொல்ல எனக்கே வியப்பு. முதல் நிமிடம் பல்லைக் கடிக்கிறேன். இரண்டாவது நிமிடம் கைபேசியை எடுத்து, இந்த வாரம் என்னென்ன கெடப்போகிறது என்று பார்க்கிறேன். மூன்றாவதில் மீதி எத்தனை விடுப்பு என்று கணக்கு. ஐந்தாவதில் வேலை போய்விடும். எட்டாவது நிமிடத்தில் நான் என் மகனின் கல்லூரிக் கட்டணத்தை யாரிடம் கடன் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாத்திரை போட்டதோ பத்தாவது நிமிடம்! அந்த நாலாவது தாள் அளப்பது இதைத்தான். படிப்பாளிகள் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'ஐயோ போச்சு'.

எட்டு தடவை போனேன். "இந்த வாரமே போச்சு" என்று நான் எழுதியதற்கு நேராக, நோட்டில் முந்தைய வலிகள் உண்மையில் எத்தனை மணி நேரம் இருந்தன என்று எழுத வைத்தார். சரியான நேரத்தில் மாத்திரை போட்டவை சராசரி 9 மணி நேரம். வாரம் முழுக்க இருந்தது ஒன்றே ஒன்று. மூச்சுப் பயிற்சி, தசை தளர்த்தல் எல்லாம் சொல்லிக்கொடுத்தார், அது நீங்கள் எங்கும் படிக்கலாம். தூக்கத்தில்தான் கறாராக இருந்தார்: தினமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், படுக்கையில் கைபேசி கூடாது, பகலில் தூங்கக் கூடாது. 2007இல் 43 பெண்களை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வில், தூக்கப் பழக்கத்தைத் திருத்தியதிலேயே பலர் நாள்பட்ட நிலையிலிருந்து எப்போதாவது வரும் நிலைக்குத் திரும்பியிருக்கிறார்கள் என்று சொல்லித்தான் என்னை வழிக்குக் கொண்டுவந்தார்.

ஒரு வருடம் கழித்து: மூன்று மாதத்தில் வலி நாள்கள் 57இலிருந்து 44. மிடாஸ் 76இலிருந்து 28. அதாவது நான் இன்னும் அந்தக் கடைசிப் படியில்தான் நிற்கிறேன். வலி கொஞ்சம்தான் குறைந்தது, போன நாள்களில் பாதிக்கு மேல் திரும்பி வந்தன. ஆண்டுவிழாவுக்குப் போனேன், குளிர்க்கண்ணாடி போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில். மகன் வெட்கப்பட்டான்.

---

கரடுமுரடு எழுதியது:

எனக்கு இந்த மனசு விவகாரம் என்றாலே எரிச்சல். மன்னிக்கவும்.

ஒன்பது வருடம் "டென்ஷனைக் குறையுங்கள்" என்று சொல்லியே ஓட்டினார்கள். ஒரு மருத்துவர் நான் உள்ளே நுழைந்து உட்காருவதற்குள் கவலை மாத்திரை எழுத ஆரம்பித்தார். கடைசியில் ஒருவர் போட்யூலினம் ஊசி (போடாக்ஸ் என்பார்களே, அது) போட்டார்: நெற்றி, பொட்டு, பின்தலை, கழுத்து, தோள் என்று 31 இடம், 12 வாரத்துக்கு ஒரு முறை. இரண்டாவது சுற்றில் 20 நாள் 9 நாளானது. மனச்சோர்வுத் தாளில் 16 இருந்தது 5க்கு வந்தது. ஒரு உளவியலாளர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. வலி போனால் மனசு தன்னால் நிமிரும். மாதத்தில் 20 நாள் தலையில் ஆணி அடித்தால் புத்தருக்கும் முகம் சுருங்கும்.

நிழல்தேடி, மனசு மனசு என்று மருந்தைத் தள்ளிப்போட்டால் விடாதீர்கள். அவ்வளவுதான்.

---

பாதிநிலா எழுதியது:

கரடுமுரடு சார், நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். அவருக்கு மருத்துவர் மருந்தைத் தள்ளிப்போடவில்லையே, எழுதித்தானே கொடுத்திருக்கிறார். எனக்கும் மருந்து உண்டு. மருந்தில்லாமல் பேச்சாலேயே சரியானேன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆணியைப் பிடுங்கியும் உங்களுக்கு இன்னும் 9 நாள் இருக்கிறதல்லவா, அந்த 9 நாளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

---

அளவுகோல் எழுதியது:

வலி சிகிச்சைப் பிரிவில் உளவியலாளராக வேலை பார்க்கிறேன். வேலை நேரத்துக்கு வெளியே இங்கே வருவதில்லை என்று ஒரு விரதம் வைத்திருந்தேன். இந்த இழையைப் பார்த்து முறித்துவிட்டேன்.

முதலில் மாத்திரை. நிழல்தேடி, அமிட்ரிப்டிலின் பெட்டியில் மனச்சோர்வு மருந்து என்றுதான் இருக்கும். ஆனால் மைக்ரேனைத் தடுக்கப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவரும் மருந்து அது. மனச்சோர்வுக்குக் கொடுப்பது இதைவிடப் பல மடங்கு. 10 மில்லிகிராம் எழுதியவர் உங்கள் தலைவலிக்குத்தான் எழுதியிருக்கிறார். முதல் சில நாள் வாய் உலரும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். மூன்றாவது நாளே வீசிவிடாதீர்கள், அதுதான் எல்லோரும் செய்வது.

அந்தத் தாள்களை ஏன் கொடுக்கிறோம்? தலைவலி நாள்களின் எண்ணிக்கை ஒருவர் எவ்வளவு முடங்கியிருக்கிறார் என்பதை முழுதாகச் சொல்வதில்லை. மாதம் 16 நாள் வலியோடு வேலைக்குப் போய்வருகிறவரையும் பார்க்கிறேன், அதே 16 நாளில் வீட்டை விட்டே வெளியே வராதவரையும் பார்க்கிறேன். முதலாமவருக்கு மனதிடம் அதிகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வித்தியாசம் பெரும்பாலும் நாலைந்து இடத்தில் இருக்கிறது. மனச்சோர்வு, பதற்றம், பாதிநிலா சொன்ன 'ஐயோ போச்சு' (இந்தப் பெயரை நான் எடுத்துக்கொள்ளப்போகிறேன்). அப்புறம், வலி வந்தால் என்னால் ஏதாவது செய்ய முடியும் என்ற நம்பிக்கை இருக்கிறதா என்பது. கடிவாளம் யார் கையில் என்று நினைக்கிறார்கள் என்பதும்: என் கையிலா, மருத்துவர் கையிலா, தலைவிதியின் கையிலா. இவை எல்லாம் மாற்றக்கூடியவை. பரம்பரையை மாற்ற முடியாது, அதனால் அதற்குத் தாள் இல்லை.

கரடுமுரடு சொன்னது நடக்கிற விஷயம்தான். வலி குறைந்ததும் மனம் தெளிந்தவர்களை நிறையப் பார்க்கிறேன். மறுபக்கமும் நடக்கிறது. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 89 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எட்டு வாரம் மனக்குவிப்புப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்), மறு பாதிக்குத் தலைவலி பற்றிய வகுப்பு. மைக்ரேன் நாள்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குறைந்தன. ஆனால் முடக்கம், மனச்சோர்வு, வலியைப் பெரிதாக்கும் எண்ணம், சமாளிக்கும் நம்பிக்கை இவற்றில் பயிற்சி எடுத்தவர்கள் தெளிவாக முன்னே போனார்கள். பாதிநிலாவின் 44ஐயும் 28ஐயும் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. சில சமயம் நாள்களும் குறையும்: 10 முதல் 17 வயது வரையுள்ள 135 பேரை வைத்து 2013இல் வந்த ஆய்வில், எல்லோருக்கும் அமிட்ரிப்டிலின், அதோடு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) பெற்றவர்களுக்கு 28 நாளில் 11.5 தலைவலி நாள்கள் குறைந்தன, தலைவலி பற்றிய வகுப்பு மட்டும் பெற்றவர்களுக்கு 6.8. மருந்தா பேச்சா என்று சண்டை போட வேண்டியதில்லை.

வலியைக் கிளப்பிவிடும் தூண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. விளக்கு, வாசனை, பயணம் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது அந்த இருட்டறைதான். அது போக, நாம் தூண்டி என்று நினைப்பதில் சில, வலி உள்ளே ஆரம்பித்துவிட்டதன் அறிகுறி. கொட்டாவி, கழுத்து இறுக்கம், ஏதாவது இனிப்பாகத் தின்ன வேண்டும் போலிருப்பது, இவை வலிக்குப் பல மணி நேரம் முன்பே வரும். இனிப்பைத் தின்றதால் வந்தது என்று ஆயுளுக்கும் இனிப்பை விட்டவர்கள் உண்டு. மன அழுத்தத்திலும் இப்படி ஒரு விசித்திரம்: அழுத்தம் ஏறும்போதைவிட, அது இறங்கிய பிறகு வருகிற வலிகள் அதிகம். 2014இல் ஒரு சிறு ஆய்வு இதை நாட்குறிப்பு வைத்துக் காட்டியது. வேலை நாள் முழுக்க ஓடிவிட்டு விடுமுறை நாளில் விழுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இன்னும் இரண்டு. டோபிராமேட், ஃப்ளுனரிசின் இரண்டுமே மைக்ரேனைத் தடுக்கக் கொடுப்பவை, சிலருக்கு மனத்தை இறக்கிவிடும். மருந்து ஆரம்பித்த பிறகு மனசு இருண்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், உங்கள் குணம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வுத் தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போயிருந்தால் தேவலை என்று தோன்றியதா என்பது. அதில் 0 தவிர வேறு ஏதாவது போட்டிருந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் இன்றே யாரிடமாவது சொல்லுங்கள். நாள்பட்ட வலிக்காரர்களுக்கு அது வருகிறது, நான் வியப்படைய மாட்டேன், உங்கள் மருத்துவரும் வியப்படைய மாட்டார். வழக்கமான தலைவலியாக இல்லாமல் இடி விழுந்தது போல் சட்டென்று உச்சிக்குப் போகிற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப் பேச்சுக் குழறுவது, இதெல்லாம் வந்தால் இந்த இழையில் எழுதிக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவு.

---

கூடவே_இருப்பவன் எழுதியது:

எனக்குத் தலைவலி இல்லை. மனைவிக்கு. ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அவள் படுத்தால் நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்பேன். அன்பாக இருக்கிறேன் என்று எனக்கு நினைப்பு. ஒருநாள் அவள் சொன்னாள்: "நீ கேட்கும்போதெல்லாம் நான் உள்ளே போய் வலியைத் தேடிப் பார்த்துட்டு வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கு." அன்றோடு விட்டேன். இப்போது தண்ணீரும் வாளியும் வைத்துவிட்டு, "பத்து மணிக்கு எட்டிப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அவள் கொஞ்சம் தேறியிருந்தால் காய்கறி நறுக்கட்டும், துணி மடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். முன்பெல்லாம் கையிலிருந்து பிடுங்குவேன்.

உங்கள் மகளிடம் கதவை வேகமாகவே திறக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். எட்டு வயதில் அவ்வளவு மெதுவாக இருக்கக் கூடாது.

---

நிழல்தேடி எழுதியது:

எல்லோருக்கும் ஒரே பதிலாக எழுதுகிறேன், மன்னிக்கவும். ஐந்து நாள் கழித்து வருகிறேன், அதில் மூன்று நாள் படுக்கை.

கரடுமுரடு, உங்கள் கோபம் எனக்கு ஆறுதலாக இருந்தது, உண்மையாக. அந்த ஊசி பற்றி அடுத்த முறை கேட்கிறேன். அளவுகோல், மாத்திரையைப் போட ஆரம்பித்துவிட்டேன். வாய் உலர்கிறது, நீங்கள் சொன்ன மாதிரியே. ஒன்பதாவது கேள்விக்கு நான் 1 போட்டிருந்தேன். அதை மருத்துவர் கேட்டார், "சும்மா போட்டேன்" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதியதைப் படித்த இரவே கணவரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே மருத்துவமனைக்குப் பேசினார். அன்று மாலையே போய் மருத்துவரிடம் சொன்னேன், இந்த முறை சும்மா என்று சொல்லவில்லை. உளவியலாளரை வியாழக்கிழமை பார்க்கிறேன்.

மகளிடம் கதவைப் பற்றிச் சொன்னேன். "சத்தம் வந்தா உனக்கு வலிக்காதா?" என்றாள். வலிக்கும், ஆனா பரவாயில்லை, நீ வா என்றேன். நம்பினாளா தெரியவில்லை. நேற்று ஒரு கையால் திறந்தாள். மற்றொரு கை அப்போதும் பிடிக்குப் பக்கத்திலேயே தயாராக இருந்தது.

பாதிநிலா, நோட்டு வாங்கிவிட்டேன். கோடு போட்டது, அலுவலகத்தில் செலவுக் கணக்கு எழுதுகிற மாதிரியே பத்தி பிரித்திருக்கிறேன்: தேதி, நேரம், மருந்து, எழுத்து. இன்று காலை ஒன்பது மணிக்கு ஒன்று போட்டேன். பத்து மணிக்குத் தணிக்கைக் கூட்டம். விழுங்கிவிட்டுத்தான் நோட்டு ஞாபகம் வந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு, தலை எங்கே வலிக்கிறது என்று தேடிப் பார்த்தேன். இடது பக்கம், வலது பக்கம், கண்ணுக்குப் பின்னால், கழுத்தில். எங்கேயும் இல்லை.

'ப' போட்டேன்.